பெண் கன்று ஊசி: ஆறு குச்சி, மூன்று கன்று

மாட்டுக்குப் போடுகிற சினை ஊசிக்குப் போய் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று என் மகன் சிரிக்கிறான். மிக்ஸிக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், இதற்கு எழுதினால் என்ன? உறைந்த விந்து அடைத்த ஒரு குச்சி 900 ரூபாய். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. திருப்பிக் கொடுக்க முடியாது. வாங்கிய சரக்கு சொன்ன சரக்குதானா என்று தெரிய ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்டதற்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

நான் முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வீடு சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், பின்வாசலைத் திறந்தால் கன்னடியன் கால்வாய். மாமியார் விட்டுப்போன தொழுவத்தில் மூன்று மாடு நிற்கிறது: மயிலை, செவலை, வெள்ளச்சி. மூன்றும் ஜெர்சி கலப்பு. நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது மாமியார் காலத்துப் பழக்கம், நான் மாற்றவில்லை.

எங்கள் பக்கம் உழவு மாட்டுக்கு வேலை போய் ரொம்ப நாளாகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் டிராக்டர்தான் இறங்குகிறது. பசு காளைக்கன்று போட்டால் வீட்டில் ஒரு மௌனம். கொஞ்ச நாள் பால் குடிக்க விட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு வண்டி ஏற்றுவார்கள். அன்றைக்குத் தாய் கத்துவதை இரண்டு நாளைக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெண் கன்று மட்டும் பிறக்கிற ஊசி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் போனை எடுத்ததற்கு அந்தக் கத்தல்தான் பாதிக் காரணம். மீதிக் காரணம் விலங்கியல் டீச்சர் புத்தி. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட எக்ஸும் ஒய்யும் குச்சியில் அடைபட்டு விலைக்கு வருகிறதென்றால் விடுவேனா?

முதலில் சரக்கைப் பற்றி. சாதாரண ஊசியில் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி. இதில் பத்துக்கு ஒன்பது கிடாரி, அதாவது பெண் கன்று, என்று சொல்லி விற்கிறார்கள். மாட்டுக்குக் குரோமோசோம் 60. அதில் 58 ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல. மிச்சம் இரண்டு பசுவுக்கு எக்ஸ் எக்ஸ், காளைக்கு எக்ஸ் ஒய். அதனால் காளையின் விந்தணுக்களில் பாதி எக்ஸைச் சுமக்கிறது, பாதி ஒய்யை. எக்ஸ் பெரியது, ஒய் சின்னது. எக்ஸைச் சுமக்கிற அணுவில் டி.என்.ஏ. ஏறக்குறைய 3.8 சதவீதம் அதிகம். இந்த 3.8 சதவீதம்தான் நாம் காசு கொடுக்கிற வித்தியாசம்.

பிரிக்கிற விதம் இது. டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயத்தை ஊட்டி, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓட விடுகிறார்கள். அதிகம் மின்னுவது எக்ஸ், குறைவாக மின்னுவது ஒய். ஓட்டத்தைத் துளித்துளியாகச் சிதறடித்து, துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, எக்ஸை ஒரு பக்கமும் ஒய்யை இன்னொரு பக்கமும் இழுத்துத் தள்ளுகிறது கருவி. காளை விந்தணுவின் தலை துடுப்பு மாதிரித் தட்டையானது. தட்டைப் பக்கம் லேசரைப் பார்த்து நின்றால்தான் கணக்கு சரியாக வரும். திரும்பி நின்றதையும் சந்தேகமானதையும் கழித்துவிடுகிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையில் லாரன்ஸ் ஜான்சன் என்பவர் குழு 1989இல் இந்த வழியில் முயல்குட்டி பிறக்க வைத்துக் காட்டியது. இப்போது ஊட்டியிலேயே அரசாங்க நிலையம் இருக்கிறது. வெளிநாட்டுக் கருவிக்குப் பதிலாக உள்நாட்டுத் தொழில்நுட்பமும் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. அதனால் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் கொடுத்த 900ஐ வைத்துப் பேரம் பேசாதீர்கள், உங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் மானியத்தில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

முதல் ஊசி 2023 ஜூலையில் மயிலைக்கு. அப்போது அவள் இன்னும் கன்று போடாத கிடாரி. போட வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்று சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வண்டியிலிருந்து நைட்ரஜன் கேனை இறக்கினார். உள்ளே மைனஸ் 196 டிகிரி. குச்சியை இடுக்கியால் எடுத்தார், எடுத்த கையோடு போன் அடித்தது. இடது கையில் போன், வலது கையில் இடுக்கி. மதியம் இரண்டு மணி வெயிலில் குச்சி வெளியே நிற்கிறது. யாரிடமோ "அஞ்சு நிமிசத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு, "டீச்சர், கொஞ்சம் வெந்நி தாங்க" என்றார். சில்வர் டம்ளரில் அடுப்பங்கரையிலிருந்து கொண்டுவந்தேன். விரலை விட்டுப் பார்த்து, "வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்று குச்சியைப் போட்டார். உறைவிந்தை 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடத்துக்கு மேல் உருக வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். விரல் எந்த ஊரில் தெர்மாமீட்டர் ஆனது? கேட்டிருக்க வேண்டும். வந்த மனுஷனிடம் சட்டம் பேச வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். சரியாக 21ஆம் நாள் மயிலை மறுபடி பருவத்துக்கு வந்து கத்தினாள், ஊசி பிடிக்கவில்லை.

சாதாரணக் குச்சியில் ஏறக்குறைய 2 கோடி அணுக்கள் இருக்கும். கொஞ்சம் செத்தாலும் மிச்சம் வேலை பார்க்கும். பிரித்த குச்சியில் பெரும்பாலும் 20 லட்சம்தான் வைக்கிறார்கள், சிலர் 40 லட்சம். அதுவும் சாயம், லேசர், அழுத்தம், குளிர் எல்லாம் பட்டு நொந்துபோய் வந்தவை. அவற்றைச் சில்வர் டம்ளரில் வேகவைத்தால் எப்படிப் பிடிக்கும்? எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சாதாரண ஊசி பத்து மாட்டுக்குப் பிடிக்கிற இடத்தில் இது எட்டு மாட்டுக்குத்தான் பிடிக்கும் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற கணக்கு.

இரண்டாவது முறை ஆளை மாற்றினேன். இந்தத் தம்பி முக்கூடல் பக்கம். பைக்கில் கேன், தோளில் பை, பைக்குள் பிளாஸ்க். முந்தின நாள் சாயங்காலம் மயிலைக்குப் பருவ வழும்பு கண்ணாடி மாதிரித் தொங்குவதைப் பார்த்துப் போன் போட்டேன். "இப்பவே வேண்டாம் டீச்சர். இது பிரிச்ச ஊசி, கொஞ்சம் பிந்திப் போட்டாத்தான் நல்லது. நாளைக்கு மதியத்துக்கு முன்னால வாரேன்" என்றார். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பசுவுக்குக் கருமுட்டை வெடிப்பது பருவ அறிகுறிகள் அடங்கி ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. பிரித்த அணுக்களுக்கு ஆயுசு குறைவு, முட்டை வருகிற நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட வேண்டும். சொன்னபடி வந்தார். பிளாஸ்கில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு 37 வரும்வரை பச்சைத் தண்ணீர் கலந்தார். குச்சியை உருக்கி, துடைத்து, நுனியை நறுக்கி, ஊசி போடுகிற கம்பியில் (கன் என்பார்கள்) ஏற்றியதும் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டார், சூடு மாறாமல் இருக்க. காலிக் குச்சியை எறியாமல் என் கையில் கொடுத்தார். வைக்கோல் மாதிரி மெல்லிசு, கால் மில்லி பிடிக்கும். அதன் மேல் பொடி எழுத்தில் காளையின் எண், இனம், தேதி. அன்றிலிருந்து எல்லாக் காலிக் குச்சியும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேருகிறது. இப்போது அதில் ஐந்து இருக்கிறது. முதல் குச்சி டம்ளரோடு போயிற்று.

தம்பியிடம் ஒரு குறை. வேலை செய்துகொண்டே விளக்கம் சொல்லுவார். "எக்ஸ் அணு கனமா இருக்கதால மெதுவா நீந்தும் டீச்சர், ஒய் வேகமா ஓடிரும். அதான் பிந்திப் போட்டா கிடாரி." நானும் ஒரு காலத்தில் இதைப் படித்து, நம்பி, வகுப்பிலும் சொன்னவள்தான், அதனால் கோபப்பட முடியவில்லை. ஆனால் அப்படி இல்லை. அப்படி இருந்திருந்தால் லேசர் எதற்கு, ஒரு நீச்சல் பந்தயம் வைத்தே பிரித்திருக்கலாமே?

விந்தணு உருவாகிற வழியில் ஒரு கட்டத்தில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நிற்கும். எக்ஸும் ஒய்யும் பெரும்பகுதி பொருந்தாத ஜோடி. அந்த நேரத்தில் செல் இரண்டையும் ஓரமாக ஒதுக்கி வாயைக் கட்டிவிடுகிறது, அவற்றின் ஜீன்கள் பேசுவதில்லை. அப்புறம் பிரிந்து எக்ஸ் செல், ஒய் செல் என்று ஆனபிறகும் அவை முழுசாக அறுத்துக்கொண்டு போவதில்லை. மெல்லிய பாலங்கள் வழியாக ஒட்டிக்கொண்டே வளர்கின்றன. ஒரு செல் சமைத்தது அடுத்த செல்லுக்கும் போகும். தனித்தனி அறை, ஒரே அடுப்பங்கரை. அதனால் ஒய்யைச் சுமக்கிற அணுவின் உடம்பிலும் எக்ஸ் வீட்டுச் சோறுதான் ஓடுகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிக்க முடியாமல் உலகம் திண்டாடியதும், கடைசியில் டி.என்.ஏ. அளவைப் பிடித்துத் தொங்க வேண்டி வந்ததும் இதனால்தான். முழுக்க முழுக்கப் பங்கு போடுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019இல் ஜப்பானில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் எலியில் பார்த்தார்கள். எக்ஸில் இருக்கிற இரண்டு ஜீன்களின் புரதம் எக்ஸ் அணுக்களில்தான் தங்குகிறது, அதைத் தூண்டும் மருந்தை விட்டால் எக்ஸ் அணுக்கள் மட்டும் சோர்ந்துவிடுகின்றன. இதைத் தம்பியிடம் சொன்னதும், "அப்போ நான் சொன்னது சரிதான்னு வைங்க" என்றார். இல்லை தம்பி, மருந்து விட்டால்தான்.

அந்த ஊசி பிடித்தது. தொண்ணூறாம் நாள் கையை விட்டுப் பார்த்து, "சினைதான்" என்று தம்பி சொன்ன அன்று பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அதிரசம் கொடுத்தேன். ஆச்சிக்கு எண்பது வயது இருக்கும், பள்ளிக்கூடம் போனதில்லை. எக்ஸ் எக்ஸ் என்று நான் பீற்றிக்கொண்டதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்கள்.

"ஏ டீச்சர், பொட்டைக்கு ரெண்டு, காளைக்கு ஒண்ணுன்னா, பொட்டைக்கு எல்லாமே ரெட்டிப்பால்லா இருக்கணும்? இல்லன்னா காளைக்குப் பாதியாயில்லா போவணும்? அப்படி ஒண்ணும் காணலயே."

முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பிளஸ் டூ மாணவனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மரபியலாளர் சுசுமு ஓனோ 1967இல் கேட்டது இதுதான். ஆச்சிக்கு நான் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஊசியின் விலை இதில்தான் இருக்கிறது.

எக்ஸும் ஒய்யும் ஆதியில் ஒரே அச்சு, சாதாரண ஜோடி. ஏறக்குறைய 18 கோடி வருடத்துக்கு முன்னால் ஒன்றில் இருந்த ஒரு ஜீன் மாறி, ஆணாக்குகிற சாவியாகிவிட்டது. எஸ்.ஆர்.ஒய். என்ற அந்தச் சாவியை 1990இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். சாவியை வைத்திருந்த குரோமோசோம் ஜோடியோடு துண்டு மாற்றிக்கொள்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டது. மாற்றிக்கொண்டால்தான் பழுதுபட்ட ஜீனுக்கு நல்லது கிடைக்கும். அதை நிறுத்தியதால் பழுது சேர்ந்துகொண்டே போய், ஒய் தேய்ந்தது. மனுஷ ஒய்யில் அந்த ஆதி ஜீன்களில் நூற்றுக்கு மூன்றுதான் மிச்சம். காளையின் ஒய்யிலும் பழைய சொத்து சொற்பம்தான். தம்பியின் குச்சியில் கிடைக்கிற 3.8 சதவீதம், ஒய் 18 கோடி வருடமாகத் தொலைத்ததன் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஆச்சியின் கேள்வி. ஆணுக்கு ஒரு எக்ஸ்தான், மற்றக் குரோமோசோம்கள் எல்லாம் இரண்டிரண்டு. செல்லுக்குள்ளே ஜீன்கள் கூட்டாக வேலை பார்க்கின்றன, ஒன்று பாதியானால் கூட்டு குலையும். ஓனோ சொன்னது: ஆணிடம் மிஞ்சிய ஒற்றை எக்ஸ் தன் குரலை இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும். அப்படி இரட்டித்த எக்ஸ் பெண்ணுக்கு இரண்டு வந்தால் அளவு மிஞ்சிவிடும், அதனால் பெண் ஒன்றை மூடுகிறாள். எங்கள் கால்வாய்ப் பாஷையில் சொன்னால், ஒரு வயலுக்கு இரண்டு மடை வந்துவிட்டால் ஒன்றைப் பலகை போட்டு அடைப்பதில்லையா, அந்த மாதிரி. மூடுவது நிச்சயம். முதல் பாதிதான் இழுபறி. 2006இல் அளந்து ஆமாம், இரட்டிக்கிறது என்றார்கள். 2010இல் இன்னொரு குழு புதுக் கருவியால் அளந்து இல்லவே இல்லை என்றது. அப்புறம் வந்தவர்கள், கூட்டு வேலை பார்க்கிற, அளவு பிசகினால் தாங்காத ஜீன்கள் குரலை உயர்த்தியிருக்கின்றன, மற்றவை ஒற்றையாகவே சமாளிக்கின்றன என்கிற மாதிரி ஒரு நடுவழிக்கு வந்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. பங்காளி ஓடிப்போனால் எல்லா வீட்டிலும் மிஞ்சினவன் இரண்டு மடங்கு உழைத்து விடுகிறானா என்ன?

மூடுகிற வேலையை எங்கள் தொழுவத்திலேயே காட்டலாம். வைக்கோல் படப்பில் ஒரு பூனை குடியிருக்கிறது. கறுப்பும் செம்பழுப்புமாகத் திட்டுத் திட்டு, வயிறு வெள்ளை. பூனையின் செம்பழுப்பு நிறம் எக்ஸில் இருக்கிற ஒரு ஜீனால் வருகிறது. எந்த ஜீன் என்று 2025இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் உறுதி செய்தன. இந்தப் பூனைக்கு ஒரு எக்ஸில் செம்பழுப்பு, இன்னொன்றில் கறுப்பு. கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் சீட்டுப் போட்ட மாதிரி ஒரு எக்ஸை மூடிவிட்டது, அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே எக்ஸை மூடியே வைத்திருக்கின்றன. காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு செந்திட்டு இருக்கிறது. அங்கே கறுப்பு எக்ஸ் தூங்குகிறது. ஒரு மயிர் தள்ளிக் கறுப்புத் திட்டில் செம்பழுப்பு எக்ஸ் தூங்குகிறது. வயிற்று வெள்ளை வேறு கதை, அது எக்ஸ் இல்லை. கறுப்பும் செம்பழுப்பும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும், அதனால் இந்த மாதிரிப் பூனை அநேகமாகப் பெண்தான். ஆண் என்றால் எக்ஸ் ஒன்று கூடிப் பிறந்திருக்கும், அது அபூர்வம்.

இதில் வேடிக்கை, தூங்குகிற எக்ஸை மனுஷர் முதன்முதலில் பார்த்ததும் பூனையில்தான். 1949இல் கனடாவில் மர்ரே பார், பெர்ட்ராம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பெண் பூனையின் நரம்பு செல்லில் ஒரு கறுப்புப் பொட்டைப் பார்த்தார்கள், ஆண் பூனையில் அது இல்லை. அது சுருண்டு படுத்த எக்ஸ் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1961இல் மரபியலாளர் மேரி லயன் எலியின் திட்டு நிறத்தை வைத்து ஒரு எக்ஸ் மூடப்படுகிறது என்று சொன்னார். பலகையைப் போடுவது யார் என்பது 1991இல் தெரிந்தது. எக்ஸிஸ்ட் என்ற ஜீன். அது புரதம் எதுவும் செய்வதில்லை. நீளமான ஆர்.என்.ஏ.வாக வெளிவந்து, தான் பிறந்த அதே எக்ஸின் மேலேயே போர்வை மாதிரிப் படர்ந்து அதைத் தூங்க வைக்கிறது. ஆனால் எல்லா ஜீனும் தூங்குவதில்லை. மனுஷரில் நூற்றுக்குப் பதினைந்து போல விழித்தே இருக்கும். ஒய்யில் இன்னும் ஜோடி மிச்சமிருக்கிற ஜீன்கள் பெரும்பாலும் அப்படி விழித்திருக்கும். ஆணுக்கு இரண்டு கிடைக்கிற இடத்தில் பெண்ணும் இரண்டைத் திறந்தே வைத்திருக்கிறாள். கணக்கு எவ்வளவு கறார் பாருங்கள்.

ஆச்சி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ 900 ரூவா குடுத்து வாங்குன எக்ஸு பாதி எடத்துல தூங்கத்தான் போவுதா?" என்றார்கள்.

ஆமாம் ஆச்சி. காளையிடமிருந்து வந்த எக்ஸ் கன்றின் உடம்பில் பாதி செல்களில் தூங்கும், மீதியில் தாய் எக்ஸ் தூங்கும். கங்காரு வளர்த்தால் இன்னும் நஷ்டம். அதன் உடம்பு முழுக்க அப்பன் எக்ஸ்தான் தூங்குகிறது, தூங்க வைக்கிற ஜீனும் வேறு. ஆச்சியின் கோழிக்கு எல்லாமே தலைகீழ். அங்கே சேவலுக்குத்தான் ஒரே மாதிரி இரண்டு, பெட்டைக்கு ஒன்று பெரிது ஒன்று சின்னது. ஒரு முழுக் குரோமோசோமையும் மூடுகிற வழக்கம் கோழிக்கு இல்லை, அளவு பாதி சரியாகியும் பாதி ஆகாமலும் ஓடுகிறது, கோழியும் முட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேள்வி கேட்டதற்கு ஆச்சி எனக்கு இரண்டு முட்டை கொடுத்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம் மயிலை கன்று போட்டாள். கிடாரி. விடிகாலை நாலு மணி, டார்ச் அடித்து வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சீம்பால் கறக்கப் போனேன். இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, சாக்கில் கட்டி ஊர் எல்லை ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தார்கள். எலிக்கு அந்தக் கொடியில் மட்டும் கங்காரு மாதிரி அப்பன் எக்ஸ்தான் மூடியிருக்கும் என்று அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பு வருகிறது. யாரிடம் சொல்ல?

செவலைக்குப் போட்ட இரண்டும் வீண். தம்பி போடும்போதே சொன்னார், "நாலு ஈத்து கண்ட மாடு டீச்சர், இதுக்கு வேண்டாம், சாதா ஊசி போடுங்க" என்று. ஆசை கேட்கவில்லை. 1800 ரூபாயும் 42 நாள் தீவனமும் போனபிறகு 200 ரூபாய் சாதா ஊசி ஒரே தடவையில் பிடித்தது. இந்தக் குற்றம் ஊசி மேலும் இல்லை, தம்பி மேலும் இல்லை.

வெள்ளச்சிக்கு ஒரே குச்சியில் பிடித்தது. பிறந்தது காளைக்கன்று! ஊரே தொழுவத்துக்கு வந்தது. ஆச்சி கம்பை ஊன்றி வந்து நின்று, "ஏ டீச்சர், ஒங்க மிசினு ஒண்ணத் தப்பா எண்ணிட்டுல்லா" என்றார்கள். அதுதான் நடந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் அணுக்கள் ஓடுகிற இடத்தில் 3.8 சதவீத வித்தியாசத்தைப் பார்த்து ஒதுக்குகிறது கருவி. பத்தில் ஒன்று தப்பி வருகிறது, அந்த ஒன்று எங்கள் தொழுவத்துக்கு வந்தது. விற்கிறவர்கள் பலர் பத்துக்கு ஒன்பது என்பதை வாயில் மட்டும் "கண்டிப்பாக் கிடாரி" என்று மாற்றிவிடுகிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம். இந்தக் காளையை நான் சந்தைக்கு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. தீவனம் தின்றுகொண்டு நிற்கிறது.

2024 ஆகஸ்டில் மயிலைக்கு மறுபடி ஒரு குச்சி. 2025 மே மாதம் இன்னொரு கிடாரி. ஆக, ஆறு குச்சி, மூன்று கன்று, அதில் இரண்டு கிடாரி. செலவு 5400. கிடாரி ஒன்றுக்கு 2700 ரூபாய் விழுந்திருக்கிறது. சாதா ஊசியில் மூன்று கன்றுக்கு ஒன்றோ இரண்டோ கிடாரி எப்படியும் பிறந்திருக்கும் என்று என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். மூன்று கன்றை வைத்துச் சதவீதம் பேசக் கூடாது என்று அவனுக்கு நான்தான் பாடம் எடுத்தேன், அது அவனுக்கு ஞாபகம் இல்லை.

இன்னொரு சங்கடமும் எனக்கு உண்டு. ஸ்கேன் சென்டர் வாசலில் பாலினம் பார்ப்பது குற்றம் என்று பலகை தொங்குகிறது, 1994ஆம் வருடச் சட்டம். ஆண் பிள்ளைக்குத் தவம் கிடந்த அதே தெருவில் இப்போது பெண் கன்றுக்குக் காசு கட்டி நிற்கிறோம். மாட்டில் சட்டம் தடுக்கவில்லை, நானும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாலைத் தூக்கிப் பார்க்கிற நேரத்தில் என் பிரசவத்தன்று மாமியார் கதவோரம் நின்ற முகம் ஞாபகத்துக்கு வந்து போகிறது.

யாருக்கு இந்த ஊசி? முதல் ஈத்துக் கிடாரி, அல்லது ஒரு ஈத்து கண்ட, பருவம் தவறாமல் வருகிற, உடம்பு தேறிய மாடு. அதற்குத் தாராளமாகப் போடலாம். வயசானது, போன தடவை கொடி விழாமல் கஷ்டப்பட்டது, பருவம் குழம்புகிறது, இதற்கெல்லாம் வேண்டாம். இரட்டைக் கன்று போட்ட அனுபவம் இருந்தால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆணோடு கூடப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடு, வயிற்றுக்குள் இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதால். அதை எந்த ஊசியாலும் சரி செய்ய முடியாது.

சரக்குக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சேவைக்கு, யார் வருகிறார் என்பதைப் பொறுத்து: முதல் ஆளுக்கு ஒன்று, தம்பிக்கு நாலரை. அரை குறைத்தது நீச்சல் பந்தயத்துக்காக.

மயிலையின் மூத்த கிடாரிக்கு இந்த ஐப்பசியோடு பதினெட்டு மாதம். போன வாரம் முதல் தடவையாகக் கத்தினாள். அதை விட்டுவிடச் சொன்னார் தம்பி, அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம் என்றார். கேனில் இரண்டு குச்சி இருக்கிறதாம், ஒன்றை எனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். புதுசு ஒன்று சேரன்மகாதேவியில் நானே வாங்கி வந்து, தொழுவத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்.